கிழக்கே மட்டும் ஓடும் பாய்ப்பலகை

அன்புள்ள மாப்பிள்ளை குத்தாலிங்கத்துக்கு,

காற்று எழும்பிவிட்டது. முதலில் உனக்குச் சொல்ல வேண்டிய செய்தி அதுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து, தென்காசித் தெருக்களில் கதவுகளை எல்லாம் ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுக் கிழக்கே போய்க்கொண்டிருக்கிறது. நேற்று மாடியில் காயப்போட்ட என் வேட்டியைப் பக்கத்துத் தெருவில் போய் வாங்கி வந்தேன். 'என்ன காத்து இது, வீட்டுக்குள்ள ஒரே மண்ணு' என்று ஊரே திட்டும்போது, வாசலில் நின்று விரலை எச்சில் தொட்டுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தவன் நீ ஒருத்தன்தான்.

நீ என் தங்கச்சி வடிவைக் கட்டிய பிறகு என் அம்மா ஒரு சட்டம் போட்டாள், ஞாபகம் இருக்கிறதா? கூட வேலை பார்க்கிறவனாக இருந்தாலும் தங்கச்சி மாப்பிள்ளையை 'நீங்க' என்றுதான் சொல்ல வேண்டும் என்று. நாலு பேர் முன்னால் அப்படித்தான் சொன்னேன். இந்தக் கடிதத்தை நாலு பேருக்கு மேல் படிப்பார்கள். ஆனாலும் 'நீ' என்றே எழுதுகிறேன். மூன்று வருஷமாகப் பேசாமல் இருக்கிறவனிடம் மரியாதை பார்த்து என்ன ஆகப்போகிறது?

உன் பெயரில் ஒரு விழா நடந்தது. நீ இருந்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நான் சிரிக்கவில்லை. முப்பத்தைந்து வருஷம் வகுப்பறையில் நின்ற எனக்கு மடத்தனத்தைப் பொறுத்துக்கொள்ளத் தெரியும். எட்டாம் வகுப்புப் பையன் காந்தத்தைத் தின்றுவிட்டு வந்து நின்றபோதுகூட நான் கோபப்படவில்லை. ஆனால் மாலை போட்டுக்கொண்டு மேடையில் உட்கார்ந்திருக்கும் மடத்தனத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

குற்றாலம் போகிற வழியில் தோப்பை வெட்டிப் புதிதாக ஒரு விடுதி கட்டியிருக்கிறார்கள். அதன் முதலாளி ஒருநாள் ஒரு தட்டு நிறையப் பழமும் ஒரு பொன்னாடையுமாக உன் வீட்டுக்கு வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். உட்காரும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"சார், லேண்ட் சர்ஃபிங் டிராக் போடுதோம் சார். வீல் வச்ச போர்டுல படகு மாதிரி பாய் கட்டி ஓட்டுதது. வெளிநாட்டுல எல்லாம் பெரிய கேம். விசாரிச்சுப் பாத்தா, நம்ம ஊர்லயே ஒரு பி.டி. மாஸ்டர் அந்தக் காலத்துலயே ஓட்டிருக்காருன்னு சொல்லுதாங்க. அவரு பேர்ல கப்பு வைக்கோம். அந்தப் பழைய போர்டை மட்டும் குடுத்தீங்கன்னா ரிசப்ஷன் சுவர்ல மாட்டி ஸ்பாட் லைட் போட்டிருவோம்."

அந்தக் காலமாம். பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியதுதான் அவருக்கு அந்தக் காலம்.

வடிவு அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்றாள். "அண்ணே, நீங்க என்ன சொல்லுதீங்களோ அதான்" என்றாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நான்தான் தப்புச் செய்தேன், மாப்பிள்ளை. குடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்குத் தெரியாது, அவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

அது ஒரு ஆடி மாதம். நம் பள்ளித் தலைமையாசிரியருக்கு ஏதோ ஒரு விருது கிடைத்து, பாராட்டு விழா முடிந்திருந்தது. பெயரைச் சொல்லி இந்தத் தாளை அழுக்காக்க மாட்டேன். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கில் அவர் முகம் போட்ட ஃபிளெக்ஸ் ஒன்றை, விழா முடிந்தும் அவிழ்க்க மனசில்லாமல், மைதானத்தில் ஒரு பழைய தள்ளுவண்டியில் கட்டி நிறுத்தியிருந்தார்கள். பிற்பகல் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. தலைமையாசிரியரின் முகம் கொடிக்கம்பத்தைத் தாண்டி, கபடிக் கோட்டைத் தாண்டி, தானாக உருண்டுபோய் வேலியில் முட்டி நின்றது. பிள்ளைகள் விசில் அடித்தார்கள். ஆசிரியர்கள் வாயைப் பொத்திக்கொண்டோம். நீ மட்டும் சிரிக்கவில்லை. சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய்.

மறுநாள் ஆசிரியர் அறையில் என்னிடம் வந்து கேட்டாய், "மச்சான், காத்து மேக்க இருந்து கிழக்க அடிக்கி. வண்டி வடக்க போவுமா?"

நான் இயற்பியல் வாத்தியார். பொறுமையாகச் சொன்னேன். வாழைச் சருகை எடுத்துக்கொள், காகிதத்தை எடுத்துக்கொள், காற்று போகிற பக்கம்தான் போகும். குறுக்கே போகாது என்றேன். கரும்பலகையில் ஓர் அம்புக்குறியும் போட்டேன். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தாய். நீ எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடிக்காரன், பையில் பழம் இல்லாமல் இருக்குமா? பழத்தைக் கடித்து ஒரு விதையை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினாய். விதை பாய்ந்துபோய், அந்தப் பக்கம் வந்த தலைமையாசிரியரின் மூக்குக் கண்ணாடியில் பட்டது.

"பாத்தேரா மச்சான்? வெரலு அமுக்குதது ரெண்டு பக்கத்துல இருந்து. வெத போறது முன்னால. பாய் ஒரு வெரலு, சக்கரம் ஒரு வெரலு. நடுவுல நாந்தான் வெத."

மாப்பிள்ளை, முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்ட மிக நல்ல பாடம் அது. அதை நடத்தியது நானில்லை, நீ.

பிறகு நீ செய்ததைப் பார்க்காதவர்களுக்கு எப்படி விளக்குவது? பழைய கதவுப் பலகை ஒன்று. அதன் அடியில் வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்த நாலு காற்றடைத்த சக்கரம். மேலே ஒரு மூங்கில். மூங்கிலின் அடியில் லாரி டயரிலிருந்து வெட்டிய ரப்பர்த் துண்டு. அது இருப்பதால் மூங்கில் எந்தப் பக்கமும் சாயும். மூங்கிலில் பாய். பாய்க்கு நீ எடுத்துக்கொண்டது வேலியோரம் மழையில் கிடந்த அதே ஃபிளெக்ஸ். வடிவு அதை மடித்து, ஓரம் தைத்து, மூங்கிலில் நுழைகிற மாதிரி உறை வைத்துக் கொடுத்தாள். பலகையில் ஏறி நின்று, பாயைக் கையில் பிடித்துக்கொண்டு, காற்றில் சாய்ந்தால் வண்டி ஓடும்.

ஆய்க்குடிக்குக் கிழக்கே அந்த மழைக்குளம். ஐப்பசியில் நிறையும், சித்திரையில் வற்றும். ஆடியில் கரையோரத் தரை செங்கல் மாதிரி இறுகிக் கிடக்கும். கரை வடக்கு தெற்காக நீண்டு கிடக்கிறது. வடகோடியில் மடை, தென்கோடியில் மருதமரம். மடையிலிருந்து புறப்பட்டு மருதமரம் வரை போவாய். அங்கே பாயைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு மறுபடி மடைக்கு வருவாய். காலைத் தரையில் ஊன்றாமல் போய்த் திரும்ப வந்த முதல் நாள், கரையில் நின்ற வடிவு கை தட்டினாள். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். காற்று நிறைந்த பாயில் தலைமையாசிரியரின் கன்னங்கள் பலூன் மாதிரி உப்பியிருந்தன.

அந்தக் கன்னத்தால்தான் வினை வந்தது. யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். பள்ளியின் கண்ணியத்துக்குக் குந்தகம் விளைவித்தாய் என்று உனக்கு மெமோ. தட்டச்சர் அன்று விடுப்பு. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று என்னைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார் தலைமையாசிரியர். எழுதினேன். 'கோமாளித்தனமான செய்கை' என்ற சொல்லைக்கூட ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். எழுத மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீ வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"கையெழுத்து நல்லாருக்கு மச்சான்."

அவ்வளவுதான் சொன்னாய். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஏன் படவில்லை?

அதனால்தான், உன் பெயரைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் பார்க்கலாம் என்று விடுதிக்காரர் சொன்னதும் சரி என்று விழுந்துவிட்டேன். என் கை எழுதியதை இன்னொருவர் வண்ணத்தில் அழித்துக் கொடுப்பார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னது அப்போது எனக்கு மறந்துபோயிற்று. 'பலகை சும்மா கெடக்கப்படாது மச்சான். சக்கரத்துக்குக் கிரீஸ் மட்டும் போட்டு வையும்' என்றாய். போடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன். சுவரில் தொங்குகிற பொருளுக்கு யாராவது கிரீஸ் போடுவார்களா?

விழாவுக்கு வருகிறேன். நானும் வடிவும் போய் இறங்கினோம். வாசலில் உன் படம். கண் மண் தெரியாமல் வெளுப்பாக்கி, உதட்டில் சாயம் பூசினது போல அச்சடித்திருந்தார்கள். உன் பெயரில் ஓர் எழுத்தை முழுங்கியிருந்தார்கள். 'நிலத்தில் அலை' என்று தலைப்பு. தென்காசியில் அலையைப் பார்த்தவன் எவன்? பலகையை ஒரு மேசையில் பட்டுத் துணி விரித்துப் படுக்க வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கு. பாயில் உன் தலைமையாசிரியர் வெயிலில் வெளுத்து, மூக்குக் கண்ணாடியும் மீசையுமாக மிச்சமிருந்தார்.

அசல் ஆள் மேடையில் மிச்சமில்லாமல் முழுசாக உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினர்.

அந்த ஓடுபாதையை நீ பார்த்திருக்க வேண்டும். மழமழவென்று சிமெண்டுத் தளம். இரண்டு பக்கமும் குரோட்டன்ஸ் செடி, அதற்கு வெளியே காம்பவுண்டுச் சுவர். மேற்கு முனையில் தோரணம் கட்டிப் புறப்படும் இடம். கிழக்கு முனையில் வெற்றிக் கோடு. ஒருமுறைக்கு இருமுறை சூரியனைப் பார்த்துத் திசையைச் சரிபார்த்துக்கொண்டேன். ஆமாம், மாப்பிள்ளை. மேற்கேயிருந்து கிழக்கே, காற்று போகிற அதே கோட்டில், ஸ்கேல் வைத்துப் போட்டது போலப் போட்டிருந்தார்கள்.

ஆறு பேர் தலைக்கவசம், முழங்கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, வழவழப்பான வெளிநாட்டுப் பலகைகளில் ஏறி நின்றார்கள். கொடி அசைந்தது. காற்று ஆறு பேரையும் குப்பையைப் பெருக்கித் தள்ளுவது போலக் கிழக்கே தள்ளிக்கொண்டு போய் விட்டது. பலத்த கைதட்டல். மைக் பிடித்தவர் அதற்கு ஆங்கிலத்தில் என்னென்னவோ பெயர் வைத்தார். படம் பிடிக்க மேலே ஏவின டிரோனும் அவர்களோடு கிழக்கே போனது. போய் ஒரு தென்னையில் மாட்டிக்கொண்டது.

சரி, திரும்பி வர வேண்டும் அல்லவா?

பாயை விரித்தார்கள், மடக்கினார்கள், குனிந்தார்கள், நிமிர்ந்தார்கள். குற்றாலம் பெரிய அருவிக்கு அடியில் நின்றுகொண்டு தண்ணீரைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பது போல இருந்தது. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாயும் வராது. சாய்ந்து சாய்ந்து கோணலாக வரலாம். அதற்கு அகலம் வேண்டும். இங்கே இரண்டு முழம் கோணினால் குரோட்டன்ஸ். ஒருவர் செடிக்குள் போயே விட்டார்.

அப்போது அந்தப் பக்கமிருந்து ஒரு லோடு ஆட்டோ வந்தது. ஆறு பலகையையும் ஆறு வீரரையும் ஏற்றிக்கொண்டு மேற்கு முனைக்கு வந்து இறக்கியது. மறுபடி காற்று தள்ளியது. மறுபடி லோடு ஆட்டோ. ஓட்டுநர் ஒரு நடுவயசுக்காரர், என் பக்கத்தில் நிறுத்திப் பீடியைப் பற்றவைத்தார்.

"என்ன அண்ணாச்சி, கோப்பையை உங்களுக்கே குடுத்திருவாங்க போலிருக்கே" என்றேன்.

"நீங்க வேற, சார். காத்து ஒரு டிரிப்பு, நான் ஒரு டிரிப்பு. அதுக்கு ஒரு மாலை கிடையாது, எனக்கும் கிடையாது."

அந்த இடத்தில் புத்தி இருந்தது அவர் ஒருவரிடம்தான்.

விடுதிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "சார், நீங்க சயின்ஸ் சார்தானே? ஏன் சார் திரும்ப மாட்டேங்கு? போர்டு குவாலிட்டிதான் பிரச்சினையா?"

"பாதையை ஏன் இந்தத் திசையில் போட்டீங்க?" என்று கேட்டேன்.

"வாஸ்து சார். கிழக்க பாத்துப் பொறப்பட்டாத்தான் யாவாரம் விருத்தியாவும்னு வாஸ்துக்காரரு காகிதத்துல எழுதியே குடுத்திட்டாரு. அதோட, முன்னால இருந்து போட்டோ எடுத்தா பின்னாடி மலை விழும்லா?"

பொறுமையாக இருந்தேன். விழாவுக்கு வந்த பெரியவர்களுக்கெல்லாம் மரியாதைக்கு ஆளுக்கோர் எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தார்கள். என் கையிலும் ஒன்று இருந்தது. கடித்து விதையை எடுத்தேன். உன்னுடைய அதே பாடத்தை நடத்தினேன். இது பாய், இது சக்கரம், இது நீங்கள். காற்றுக்குக் குறுக்கே, வடக்கு தெற்காகப் பாதை போட்டால் போகவும் வரவும் முடியும் என்றேன். விதை அவர் சட்டைப் பையில் போய் விழுந்தது.

"சூப்பர் சார்!" என்று என் தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்போ திரும்பி வர்ற நேரத்துக்கு மட்டும் காத்தைத் தடுக்க மேக்கால ஒரு சுவரு கட்டிரலாமா சார்?"

மாப்பிள்ளை, எத்தனையோ விடைத்தாளுக்குப் பூஜ்யம் போட்டிருக்கிறேன். பூஜ்யத்துக்கும் கீழே ஒரு மதிப்பெண் இல்லாமல் போயிற்றே என்று அன்றுதான் வருத்தப்பட்டேன். தெரியாமல் இருப்பது குற்றமில்லை. எனக்கும் ஒரு காலத்தில் தெரியாது. எதிரே காற்று அடித்துக்கொண்டிருக்கும்போது காகிதத்தைப் பார்த்துத் திசை முடிவு செய்கிற ஆளை என்ன சொல்வது?

அடுத்து உன் தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தார். "குத்தாலிங்கத்தை ஊக்குவித்தவனே நான்தான். பாய்க்குத் துணி இல்லாமல் தவித்தபோது, என் படம் போட்ட பதாகையையே எடுத்துக்கொள்ளுங்கள் என்று என் கையால் கொடுத்தேன். இன்றும் அவர் பாயில் என் முகம் இருக்கிறது" என்றார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். உன் எலுமிச்சை விதை பட்ட அதே மாதிரிக் கண்ணாடி.

எழுந்து போய், அந்த மெமோவை எழுதிய கை இது என்று காட்டியிருக்க வேண்டும். காட்டினேனா? இல்லை. முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுதிக்காரருக்குப் பூஜ்யம் போட்ட நான் எனக்கு என்ன போட்டுக்கொள்வது? இரண்டாவது தடவையும் வாய் வராதவனுக்கு?

அப்போது ஒரு தச்சர் ஸ்பேனரோடு பலகைப் பக்கம் வந்தார். குனிந்து சக்கரத்தின் நட்டைத் திருகப் பார்த்தார். "என்ன செய்யுதீங்க?" என்று வடிவு கேட்டாள்.

"சக்கரத்தைக் கழத்துதேன், ஆச்சி. சக்கரத்தோட மாட்டுனா சுவர்ல ஒட்டி உக்காராது. தள்ளிக்கிட்டு நிக்கும்."

என் தங்கச்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் என் அறுபத்தெட்டு வயசையும் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து மைக்கில், 'மறைந்த வீரரின் துணைவியார் இரண்டு வார்த்தை பேசுவார்' என்று அறிவித்தார்கள். வடிவு பள்ளி ஆண்டு விழாவில்கூட மேடை ஏறினவள் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். நீங்க ஓட்டுதது எங்க வீட்டுக்காரரு ஓட்டுனது இல்ல. அவரு போனா திரும்பி வருவாரு." அத்தோடு நிறுத்தினாள். காற்று மைக்கில் விழுந்து படபடவென்று கேட்டது. "ஒரு தடவைதான் வரல. மத்தபடி வருவாரு. அதனால பலகையை நாங்க கொண்டுட்டுப் போறோம்."

கீழே இறங்கி வந்தாள். கொஞ்ச பேர் கை தட்டினார்கள். இரண்டு வார்த்தை முடிந்துவிட்டது என்று நினைத்துத் தட்டினார்கள்.

விடுதிக்காரர் ஓடி வந்தார். "என்னம்மா இப்படிச் சொல்லுதீங்க! ஆணியெல்லாம் அடிச்சாச்சு. சார், நீங்க வாக்குக் குடுத்தீங்கல்லா?"

"குடுத்தேன்" என்றேன். "அதுக்கு முந்தி இன்னொருத்தருக்கு ஒரு வாக்குக் குடுத்திருந்தேன். மறந்துபோச்சு. அந்த ஆணியில் வாஸ்துக் காகிதத்தை மாட்டிக்கோங்க."

அது ஒன்றுதான் நான் அன்றைக்குச் சொன்ன நல்ல வாக்கியம். தலைமையாசிரியரிடம் போய், "சார், அந்த மெமோவின் நகல் வடிவிடம் இருக்கு. என் கையெழுத்தில் இருக்கு. உங்கள் பேச்சோடு சேர்த்துப் பத்திரிகைக்குக் கொடுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன். மாலையைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். தாகம் எல்லாருக்கும் பொதுதானே.

பலகையை நானும் வடிவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். லோடு ஆட்டோக்காரர் கேட்காமலே வண்டியைப் பின்னால் எடுத்தார். "எங்க கொண்டு விடணும், ஆச்சி?"

வீட்டுக்கு என்று சொல்வாள் என நினைத்தேன். "கொளத்துக்கு" என்றாள்.

சாயங்கால வெயில் சாய்ந்திருந்தது. குளம் நீ விட்டுப்போன மாதிரியேதான் கிடக்கிறது. கருவேலம் மட்டும் மேற்கே கொஞ்சம் கூடியிருக்கிறது. மடைக்குப் பக்கத்தில் பலகையை இறக்கினோம். வடிவு முந்தானையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தாள். கிரீஸ். மூன்று வருஷமாக அவள் போட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறாள். நான் மறந்த வாக்கை அவள் எனக்குச் சொல்லாமலே காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"ஏறுங்க அண்ணே."

"ஏட்டி, எனக்கு அறுபத்தெட்டு."

"சுவர்ல மாட்டுற வயசு வந்திருச்சா? ஏறுங்க."

ஆட்டோக்காரர் பலகையைப் பிடித்துக்கொண்டார். ஏறி நின்றேன். பாயைத் தூக்கினதும் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. தலைமையாசிரியரின் வெளுத்த கன்னம் என் மூக்குக்கு நேரே உப்பியது.

கரையிலிருந்து வடிவு கத்தினாள்: "காத்தைப் பாக்காதீங்க! மருதத்தைப் பாருங்க! பின்னால சாயுங்க! இன்னும் சாயுங்க, அவரு அப்படித்தான் சாய்வாரு!"

சாய்ந்தேன். மாப்பிள்ளை, விதை பாய்ந்தது. மேற்கேயிருந்து அடிக்கிற காற்றில் நான் தெற்கே போனேன். ஒரு காலத்தில் கரும்பலகையில் நான் போட்ட அம்புக்குறியை என் காலாலேயே அழித்துக்கொண்டு போனேன். சக்கரத்துக்கு அடியில் தரை கடகடவென்று பேசியது. மருதமரம் வந்துகொண்டே இருந்தது. பிறகு திடீரென்று வந்துவிட்டது. திருப்பத் தெரியவில்லை. விழுந்தேன்.

முழங்கை சிராய்ப்பு, வேட்டியில் ஒரு கிழிசல். எழுந்து பார்த்தால், தூரத்தில் மடைக்குப் பக்கத்தில் வடிவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். நீ போன பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். ஆட்டோக்காரர் வண்டியை எடுக்கப் போனார். "வண்டி வேண்டாம், அவரு வருவாரு" என்று அவள் சொன்னது காற்றில் எனக்குக் கேட்கவில்லை. ஆட்டோக்காரர்தான் பிறகு சொன்னார்.

நான் நடந்துதான் வந்தேன். பலகையைத் தள்ளிக்கொண்டு, மூச்சு வாங்க, மருதத்திலிருந்து மடை வரை. அந்த நடையில் உன்னிடம் நிறையப் பேசினேன். மெமோவைப் பற்றியும் பேசினேன். உனக்குக் கேட்டதா?

விடுதியில் இந்த வாரமும் லோடு ஆட்டோ ஓடுகிறதாம். கோப்பையை யாரோ வாங்கிவிட்டார்களாம். வாங்கட்டும். மேற்கே சுவர் கட்ட அஸ்திவாரம் தோண்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். காற்று அதையும் பார்த்துக்கொள்ளும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இதை மறக்க மாட்டேன், நாலு பேர் பார்க்க எழுதிக் கொடுக்கிறேன், அதே முத்து முத்தான கையெழுத்தில். இந்த ஆடி முடியும் முன், மடையிலிருந்து மருதமரம் வரை போவேன். அங்கே பாயைத் திருப்பிப் பிடிப்பேன். காலைத் தரையில் ஊன்றாமல் மடைக்குத் திரும்பி வருவேன். கரையில் நிற்கிற உன் வடிவுக்கு, போனவர் ஒருவர் திரும்பி வருவதைக் காட்டுவேன்.

முழங்கைச் சிராய்ப்புடன்,
உன் மச்சான்